ஆறு பேருக்கு ஒரு தார்ப்பாய்

தார்ப்பாய்ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. இங்கிலீஷ்ல டார்பாலின். அதை நம்ம நாக்குக்கு ஏத்த மாதிரி யாரோ திருப்பி வச்சிருக்காங்க. வச்சவர் பெரிய ஆளு தான். தார் பூசின பாய்ன்னு அர்த்தமும் கனகச்சிதமா வந்து உக்காந்துடுச்சு. இன்னொரு விசேஷம், நம்ம பாய்க்கு ரெண்டு வேலை. ஒண்ணு, விரிச்சுப் படுக்கறது. இன்னொண்ணு, மரத்துல கட்டிக் கப்பல் ஓட்டறது. பாய்மரக் கப்பல்ல இருக்கே, அந்தப் பாய்.

வெட்டவெளியில ராத்திரி தங்கறதுக்குத் தார்ப்பாய் கட்டறவன் எல்லாரும் முதல் பாயை மட்டும் தான் நினைக்கறான். மேல மழை வரும், மறைச்சுக்கணும், அவ்வளவு தான். ஆனா தார்ப்பாய் பிச்சுக்கிட்டுப் போறது பெரும்பாலும் மழையில இல்லை, காத்துல. அது ரெண்டாவது பாயா மாறிட்ட நேரத்துல. அதனால எப்படிக் கட்டறதுன்னு முடிவு பண்ணணும்னா, "இன்னைக்கு ராத்திரி எதுக்குப் பயப்படறோம்?"ன்னு முதல்ல கேக்கணும். வெயிலா, மழையா, காத்தா, பனியா? ஒவ்வொண்ணுக்கும் கட்டு வேற.

இதையெல்லாம் நான் இவ்வளவு யோசிக்கக் காரணம், ஹாஸ்டல்ல நடந்த ஒரு சண்டை :-)

சித்திரை மாசம் செமஸ்டர் லீவுல ஆறு பேரா ரெண்டு ராத்திரி எங்காவது வெளியில தங்கறதுன்னு முடிவாச்சு. டென்ட் வாங்கக் காசு இல்லை. எங்க வீட்டுல 18க்கு 12 அடியில ஒரு நல்ல தார்ப்பாய் இருக்கு, கடலைக்கும் புளிக்கும் போட்டு மூடறது. வத்தல்மலை அடிவாரத்துல எங்க தாத்தாவோட காடு இருக்கு. (எங்க ஊர்ல காடுன்னா மானாவாரி நிலம். யானை இருக்கிற காடு இல்லை. சென்னைக்காரன் ஒருத்தன் இதைக் கேட்டு மொதல்ல மிரண்டுட்டான்.) ஒகேனக்கல் போலாம்னு தான் ரெண்டு பேர் அடம் பிடிச்சாங்க. அந்தப் பக்கக் காட்டுல பெரும்பகுதி 2022ல காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமா அறிவிச்சாச்சு, நம்ம இஷ்டத்துக்குக் கூரை கட்ட முடியாது. ஆத்தோரமும் வேண்டாம். கர்நாடகாவுல கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்தாங்கன்னா இங்க ஒரு சொட்டு மழை இல்லாமலே ஆறு ஏறும். 2018 ஆகஸ்ட்லயும் 2024 ஜூலை, ஆகஸ்ட்லயும் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல வந்து பரிசலையே நிறுத்தினாங்க. ஆக, தாத்தா காடு தான்.

இடம் முடிவாச்சு. கூரை தான் முடிவாகலை. சென்னைக்காரனுக்கு நின்னுக்கிட்டே பேசற உயரத்துல பந்தல் மாதிரி வேணும். இன்னொருத்தனுக்கு வானம் தெரியணும், நட்சத்திரம் பாக்கணும். சிவில் படிக்கறவன் பேப்பர்ல முக்கோணம் முக்கோணமா வரைஞ்சுக்கிட்டிருந்தான். நடுவுல ஒருத்தனோட அம்மா போன் பண்ணி என்கிட்ட தான் கேட்டாங்க: "தம்பி, கோடை மழை இடியோட வந்தா பிள்ளைங்க எங்கப்பா போவீங்க?"

நியாயமான கேள்வி. இடம் என் தாத்தாவுது, தார்ப்பாய் எங்க வீட்டுது. பதிலும் நான் தான் சொல்லணும்.

சரி, மேட்டருக்கு வருவோம். முதல்ல மழைக் கணக்கு.

18க்கு 12 அடி தார்ப்பாய்ன்னா சுமார் 20 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல ஒரு செ.மீ. மழை பெஞ்சா 10 லிட்டர். அப்போ நம்ம தார்ப்பாய் மேல ஒரு செ.மீ. மழைக்கு 200 லிட்டர், அதாவது 200 கிலோ. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்த ஃபெஞ்சல் புயல் உள்ள நகர்ந்து வந்து நம்ம மாவட்டத்தையும் ஒரு கை பார்த்துச்சே, அப்போ அரூர்ல ஒரே நாள்ல 33 செ.மீ. வருஷம் முழுக்கச் சேர்த்தாலே ஒரு மீட்டரைத் தாண்டாத மாவட்டம் நம்முது. அந்த மழை நம்ம தார்ப்பாய் மேல பெஞ்சிருந்தா 6600 லிட்டர். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் ஆறு நிரம்பி மீதியும் இருக்கும்.

அவ்வளவும் மேல நிக்கப் போறதில்லை, வழிஞ்சு ஓடிடும். ஆனா ஓடறதுக்கு வழி இருக்கணும். தட்டையாக் கட்டின தார்ப்பாய் நடுவுல லேசாத் தொங்கும். அங்க கொஞ்சம் தண்ணி தேங்கும். அந்தக் கனத்துல இன்னும் தொங்கும். தொங்கினதுல இன்னும் தேங்கும். ஆறடிக்கு ஆறடி அளவுல ஒரு தொப்பை விழுந்து அதுல சராசரியா ரெண்டு இஞ்ச் தண்ணி நின்னாலே சுமார் 170 லிட்டர் ஆச்சு. பத்துப் பன்னிரண்டு குடம் தண்ணியைத் தலைக்கு மேல கட்டித் தொங்கவிட்டுத் தூங்கற மாதிரி. கயிறு அறுந்தா ஆறு பேரும் குளிச்சு முடிச்ச மாதிரி தான் :-)

அடுத்து காத்துக் கணக்கு. இது தான் முக்கியமானது.

காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்காகும். வேகத்தை நொடிக்கு மீட்டர்ல எடுத்து, அதை அதாலயே பெருக்கி, 0.6ஆல பெருக்கினா ஒரு சதுர மீட்டர்ல விழற அழுத்தம் நியூட்டன்ல கிடைக்கும். 10ஆல வகுத்தா தோராயமா கிலோ. மணிக்கு 40 கி.மீ. காத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏழரைக் கிலோ. 60 கி.மீ.ன்னா பதினேழு கிலோ. பத்து சதுர மீட்டர் வாயைத் திறந்து காட்டிக்கிட்டு ஒரு தார்ப்பாய் நின்னா 60 கி.மீ. காத்து அதை 170 கிலோவுக்கு இழுக்கும். இடியோட வர்ற கோடை மழையில அந்த வேகம் எல்லாம் சர்வ சாதாரணம். கப்பலே நகரும், முளைக்குச்சி எம்மாத்திரம்?

இப்போ கட்டுகளைப் பார்ப்போம். நாலு வகை தான். பேரு நானே நம்ம ஊர் வழக்கப்படி வச்சுக்கிட்டேன்.

முதல் கட்டு: பந்தல். நாலு மூலையும் உயரத்துல. வாரச் சந்தைக் கடைக்காரங்க கட்டறது, களத்துல உக்காந்து புளி தட்டறவங்க கட்டறது எல்லாம் இது தான். வெயிலுக்கு இதை அடிச்சுக்க எதுவும் இல்லை. நாலு பக்கமும் காத்தோட்டம், 18க்கு 12 முழுசும் நிழல். ஆனா மழைக்கு ஆகாது, தொப்பை விழும். சாரல் நாலு பக்கமும் அடிக்கும். அடியில புகுற காத்து தூக்கும். சந்தைக்காரங்க சாயங்காலம் அவுத்து மடிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க, அதனால அவங்களுக்குச் சரி. ராத்திரி அதுக்கடியில தூங்கணும்னா சரியில்லை.

ரெண்டாவது: சாய்ப்பு. வீட்டுச் சுவர் ஓரம் இறக்கற சாய்ப்பு மாதிரி ஒரு பக்கம் உசரம், மறுபக்கம் தரையோட. நம்ம அளவுக்கு முன்பக்கம் ஆறடி தூக்கிப் பின்பக்கம் தரையில அடிச்சா உள்ள பத்தடி ஆழம் கிடைக்கும். நல்ல சரிவு, தண்ணி சர்ருன்னு ஓடிடும். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் காட்டை ஒட்டி நிலம் இருக்கறவங்க பன்னிக்கும் யானைக்கும் ராத்திரி காவல் படுப்பாங்களே, அங்க இந்த மாதிரி சாய்ப்பு தான் பாத்திருக்கேன். காரணம் இருக்கு. முன்னாடி முழுசாத் திறந்திருக்கும். படுத்த வாக்குல பயிர் தெரியும். ஏதாவது வந்தா எந்திரிச்சு ஓட வழியும் இருக்கும். காவலுக்கு வந்தவனுக்குக் கண்ணு தான் முக்கியம்.

ஆனா சாய்ப்புக்கு ஒரே ஒரு முதுகு தான். காத்து முதுகுல அடிக்கற வரைக்கும் ராஜா. ஆடிக் காத்து மேற்கில இருந்து நாள் பூரா ஒரே பக்கமா வீசும், அதுக்கு முதுகைக் காட்டிக் கட்டிட்டு நிம்மதியாத் தூங்கலாம். கோடை இடி மழையோட குணம் அது இல்லை. முதல்ல காத்து சுத்தமா நின்னு போகும். இலை ஆடாது. அப்புறம் மழை மேகத்துல இருந்து குளிர்ந்து கீழ விழற காத்து தரையில மோதி நாலாபக்கமும் சிதறும். அது எந்தப் பக்கம் இருந்து வரும்ங்கறது மேகம் எங்க நிக்குதுங்கறதைப் பொறுத்தது. முன்பக்கம் ஆறடிக்குப் பதினெட்டடி வாயைத் திறந்து வச்சிருக்கீங்க. கணக்குப் போட்டா சரியா பத்து சதுர மீட்டர். மேல சொன்ன 170 கிலோ ஞாபகம் இருக்கா?

மூணாவது: முகடு. நடுவுல ஒரு முகட்டுக்கயிறு, ரெண்டு பக்கமும் சரிவு, விளிம்பு தரையோட. ஓட்டு வீட்டுக் கூரையை அப்படியே எடுத்துத் தரையில வச்ச மாதிரி. கரும்பு வெட்ட வர்ற குடும்பங்களும் செங்கல் சூளையில தங்கறவங்களும் வயல் ஓரம் போடற குடிசை பெரும்பாலும் இந்த வடிவம் தான். பதினெட்டடி நீளத்துக்கு முகட்டை நாலடி உயரத்துல போட்டா உள்ள அகலம் கிட்டத்தட்ட ஒன்பது அடி. குறுக்கால படுத்தா ஆளுக்கு மூணடி இடம், ஆறு பேருக்குப் பதினெட்டு. தலைக்கும் காலுக்கும் ஒன்றரை அடி மிச்சம். காத்துக்குக் காட்டற முகம் வெறும் முக்கோணம், ஒன்றே முக்கால் சதுர மீட்டர் கூட வராது. சாய்ப்போட வாயில ஆறுல ஒரு பங்கு. சிவில்காரன் வரைஞ்சுக்கிட்டிருந்த முக்கோணம் வீண் போகலைங்க.

குறை? நிக்க முடியாது. குனிஞ்சு தான் போகணும். வானம் தெரியாது. காத்தோட்டம் இல்லாம மூடினா நம்ம மூச்சுக்காத்தே பிளாஸ்டிக்ல பட்டு வேர்த்து விடியக்காலைல சொட்டும். மார்கழிக் குளிர்ல இது இன்னும் அதிகம். அதனால ரெண்டு முனையிலயும் மேல கொஞ்சம் திறந்து விடணும்.

நாலாவது: மூலைக்கட்டு. எதிரெதிர் மூலை ரெண்டைத் தூக்கி, மத்த ரெண்டை இறக்கிக் கட்டறது. பாக்க ஸ்டைலா இருக்கும். வளைஞ்சு விறைப்பா நிக்கறதால காத்துல படபடன்னு அடிச்சுக்காது, தண்ணியும் ரெண்டு தாழ்ந்த மூலையில வழிஞ்சுடும். சதுரமான தார்ப்பாய்க்கு அருமை. ஆனா சாரல் உள்ள வரும். ஆறு பேருக்கு நனையாத இடம் பத்தாது. ரெண்டு பேருக்குன்னா இதைத் தான் சொல்லுவேன்.

கட்டு தெரிஞ்சா போதாது, முடிச்சு தெரியணும். இதுக்கு தர்மபுரிக்காரன் எங்கயும் போக வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை 44ல தொப்பூர் கணவாய் இறங்கற லாரியை நிதானமாப் பாருங்க. அந்த இறக்கத்துலயும் எதிர்க்காத்துலயும் லோடு மேல போட்ட தார்ப்பாய் அசையாது. அந்தக் கயிறைக் கட்டறவர் கிளீனர். எங்க மாமா ஒருத்தர் பத்து வருஷம் லாரியில கிளீனரா இருந்தவர். கயிறு நடுவுல ஒரு கண்ணி போடுவார். நுனியைக் கீழ கொக்கியில சுத்தி, திருப்பி அந்தக் கண்ணிக்குள்ள விட்டு இழுப்பார். கப்பி வச்சு இழுக்கற மாதிரி தான் இது. கணக்குப்படி நாம இழுக்கறதை விட மூணு மடங்கு இறுகணும். கயிறு உரசறதுல கொஞ்சம் போனாலும் மிச்சமே தாராளம். கடைசியில ஒரு உருவு முடிச்சு. வாலைப் பிடிச்சு இழுத்தா மொத்தமும் அவுந்துடும்.

மாமா சொன்னது ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது: "மாப்ள, கட்டத் தெரிஞ்சவன் பாதி கிளீனர்டா. இருட்டுல, மழையில, கை வெறைச்சிருக்கும்போது அவுக்கத் தெரிஞ்சவன் தான் முழு கிளீனர்."

கயிறு விஷயத்துலயும் கவனம் வேணும். நைலான் கயிறு நனைஞ்சா கொஞ்சம் நீளும். சாயங்காலம் விறைப்பாக் கட்டினது மழை ஆரம்பிச்சதும் தொளதொளன்னு ஆகும். பருத்திக் கயிறு நேர்மாறு, நனைஞ்சா சுருங்கி இழுக்கும். எதுவா இருந்தாலும் முதல் தூறல்லயே ஒருத்தன் எந்திரிச்சு ஒரு சுத்து போய் கயிறை எல்லாம் சரி பண்ணணும். அது யாருன்னு தூங்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, இல்லைன்னா ஆறு பேரும் தூங்கற மாதிரி நடிப்பானுங்க.

முளைக்குச்சி அடிக்கும்போது தலை கூரைக்கு எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்கணும். நேரா அடிச்சா கயிறு உருவிக்கிட்டு வந்துடும். மாடு கட்டற வீட்டுல பொறந்தவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம செம்மண்ல வெயில் காலத்துல அடிச்ச முளை கல்லு மாதிரி நிக்கும். அதே முளை நல்லா ஒரு மழை பெஞ்சு மண்ணு ஊறினதும் வெண்ணெய்ல குத்தின குச்சி. அதனால ஒவ்வொரு முளை மேலயும் ஒரு பாறாங்கல் தூக்கி வச்சிடணும். கல்லுக்கா நம்ம ஊர்ல பஞ்சம்? அரை அடியிலயே பாறை தட்டற இடமா இருந்தா முளையே வேண்டாம். ஒரு குச்சியில கயிறைக் கட்டிப் படுக்க வச்சு அது மேல கல்லை அடுக்கினா போதும்.

தார்ப்பாயில வளையம் பிஞ்சு போச்சா? ஒரு கூழாங்கல்லைத் தார்ப்பாய்க்கு அடியில வச்சு, முந்தானையில காசு முடியற மாதிரி சேர்த்துப் பிடிச்சு, அதோட கழுத்துல கயிறைக் கட்டுங்க. வளையத்தை விட கெட்டி. வளையம் ஒரே இடத்துல இழுக்கறதால கிழியும். கல்லு சுத்துவட்டாரமா இழுக்கும்.

எந்த இடத்துல கட்டறதுங்கறதும் கட்டுல சேர்த்தி தான். காஞ்சு கிடக்கற ஓடை சமமா, மெத்துன்னு, அருமையா இருக்கும். மலையடிவாரத்துல அங்க மட்டும் படுக்கவே கூடாது, மேல பெய்யற மழை இறங்கற வழி அது. தனியா நிக்கற பெரிய மரத்தடியும் கூடாது. இடிக்கு அது தான் முதல் இலக்கு, பட்ட கிளையும் விழும். அடுப்பு கூரைக்கு வெளியே, காத்து போற பக்கம் தள்ளி. பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒரு பொறி பட்டாலே உருகி ஓட்டை. பத்திக்கிச்சுன்னா உருகி மேல சொட்டும்.

காத்து எந்தப் பக்கம்னு தாத்தாகிட்ட கேட்டேன். அவர் விளக்கம் எல்லாம் சொல்லலை. "மாட்டுக்கொட்டாய் எந்தப் பக்கம் முதுகு காட்டி நிக்குது பாரு" அவ்வளவு தான். எங்க மாவட்டத்துல கொட்டாய்ன்னு முடியற ஊர்ப் பேரு எத்தனை இருக்குன்னு பஸ்ல போறப்போ எண்ணிப் பாருங்க. காட்டுல பயிரைப் பாத்துக்கத் தங்கினவங்க போட்ட கொட்டாய், பக்கத்துல இன்னொண்ணு, அப்புறம் ஒரு கிணறு, கோயில், ஊர். வெட்டவெளியில கூரை போடறது எங்களுக்கு லீவு நாள் பொழுதுபோக்கா இருந்ததில்லை. அதனால எந்தப் பக்கம் முதுகு காட்டணும்ங்கற பாடம் புத்தகத்துல இல்லை, கொட்டாய் நிக்கற நிலையில தான் இருக்கு.

அதே மாதிரி இன்னொரு பாடம் ஒரு சூளையில கிடைச்சது. தார்ப்பாய் குடிசை ஒண்ணுல தங்கியிருந்த ஒரு அக்கா, நான் சும்மா விசாரிக்கப் போய், ஒரு கால் மணி நேரம் விளக்கினாங்க. முகட்டை ஏன் தாழப் போடறாங்க, ஏன் விளிம்பு மேல மண்ணை அணைச்சு விடறாங்க, பகல்ல உள்ள அடுப்பு மாதிரி காயறதால மேல ஏன் தென்னங்கீத்தைப் பரப்பறாங்க. அப்புறம் சொன்னாங்க: "ஒசரமாப் போட்டா நல்லா தான் இருக்கும் தம்பி. உங்களுக்குப் பறந்து போச்சுன்னா வீட்டுக்குப் போயிடுவீங்க. எங்களுக்குப் பறந்தா வீடே தான பறக்குது?" நாங்க ரெண்டு ராத்திரிக்கு ஆசைப்பட்டுக் கட்டறோம். அவங்க ஆறு மாசம் வேற வழியில்லாம கட்டறாங்க. எங்க தார்ப்பாய் கதை எல்லாம் அதுக்கு முன்னாடி விளையாட்டு தான்னு அப்போ உரைச்சது. ஆனா அவங்க பேச்சுல எங்களுக்கான பதிலும் இருந்தது. எங்களுக்குப் போறதுக்கு ஒரு வீடு இருக்கு. அப்போ இந்தக் கூரை கடைசி வரைக்கும் தாங்கியாகணும்னு இல்லை. தாங்காதுன்னு தெரிஞ்ச நிமிஷம் நாம கிளம்பினா போதும்.

அதனால முடிவு இப்படி ஆச்சு. முகடு தான் போடறோம். பின்பக்கம் ரெண்டடி, முன்பக்கம் நாலரை அடி, மாடு படுத்திருக்கற மாதிரி. முதுகு கொட்டாய் காட்டற அதே திசைக்கு. ஒரு பக்கச் சரிவை மட்டும் ரெண்டு கவட்டைக் கொம்பு வச்சுத் தூக்கி விட்டுட்டா சாயங்காலம் திண்ணை மாதிரி உக்காந்து பேசலாம், நட்சத்திரமும் தெரியும். காத்து மாறினா கொம்பை உருவி, விளிம்பை இழுத்துக் கட்டறது. எல்லாமே உருவு முடிச்சு. இடிச் சத்தம் கேட்டா தார்ப்பாய் இடியை ஒண்ணும் பண்ணாதுங்கறதால, கூரையைத் தரையோட இறக்கிட்டு முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கற தாத்தா வீட்டுக்கு நடக்கறது. இந்தக் கடைசி வரியைத் தான் அந்த அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "கூரை நல்லா கட்டியிருக்கோம்மா"ன்னு சொல்லியிருந்தா அவங்க தூங்கியிருக்க மாட்டாங்க.

முதல் ராத்திரி ஒண்ணுமே நடக்கலை. ஒரு பக்கத்தைத் தூக்கி விட்டுட்டு விடிய விடியப் பேசிக்கிட்டிருந்தோம். சென்னைக்காரன் குறுக்கால படுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சு, ரெண்டு மணிக்கு அவனே வந்து படுத்தான்.

ரெண்டாம் நாள் நாலரை மணி இருக்கும். மலைப் பக்கம் மையைக் கொட்டின மாதிரி இருட்டுச்சு. காத்து நின்னுச்சு. புளியமரத்துல ஒரு இலை ஆடலை. தூரத்துல ஒரு உறுமல். யாரும் யாரையும் கேக்கலை. ரெண்டு பேர் கொம்பை உருவினாங்க, ரெண்டு பேர் பையை எல்லாம் நடுவுல குவிச்சாங்க, நானும் சிவில்காரனும் முகட்டுக்கயிறோட வாலை இழுத்தோம். தார்ப்பாய் பொத்துன்னு பை மேல படுத்துக்கிச்சு. விளிம்பு மேல கல்லை வச்சுட்டு நடந்தோம். தாத்தா வீட்டுப் படி ஏறும்போது மண்ணு வாரிக்கிட்டு வந்துச்சு பாருங்க காத்து, கொட்டாய் காட்டின திசைக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்து. தாத்தா அதைப் பாத்துட்டு, "கோடைக்காத்துக்கு ஏது திசை"ன்னு வெத்தலையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்.

நாப்பது நிமிஷம் மழை. நின்னதும் போய்ப் பாத்தோம். மூணு முளை மண்ணை விட்டுக் கிளம்பியிருந்தது, மேல கல் இருந்ததால எங்கயும் போகலை. பை எல்லாம் காஞ்சபடியே இருந்துச்சு. ஈர மண்ணுல திரும்ப முளை அடிச்சு, முகட்டை முன்னை விட அரை அடி இறக்கிக் கட்டி அன்னைக்கு ராத்திரியும் அங்கயே தான் படுத்தோம். நல்ல குளிர். தவளைச் சத்தம். அந்த அம்மாவுக்கு அவனே போன் பண்ணிப் பேசிட்டான்.

காலைல தார்ப்பாயை அவுத்து வெயில்ல ரெண்டு பக்கமும் காய வச்சு மடிச்சோம். ஈரத்தோட சுருட்டி வச்சா நாத்தம் அடிக்கும், துணி கலந்ததா இருந்தா பூசணமும் பிடிக்கும். மடிச்சு முடிக்கறதுக்குள்ள சித்தப்பா வந்து நின்னார், களத்துல புளி காயுதாம், மறுபடி மழை வரும் போலிருக்காம். இப்போ அது அங்க தான் புளி மேல கிடக்கு. அடுத்த லீவுக்கு முன்னாடி வாங்கி வைக்கணும்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் காப்புக்காட்டுக்குள்ள தார்ப்பாயைத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. 2018 மார்ச்ல குரங்கணியில காட்டுத்தீயில மலையேறப் போனவங்க எத்தனை பேர் போனாங்கன்னு நமக்குத் தெரியும். வனத்துறை அனுமதி இல்லாம உள்ள போகவே கூடாது. தெரிஞ்சவங்க காடு, தோப்பு இருந்தா கேட்டுட்டுப் போங்க. போறப்போ ஓட ஒரு வீடு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு முதல்ல நடந்து பாத்துட்டு, அப்புறமா கயிறை அவுங்க.